வேக்கம் அங்கிள் கையெழுத்துப் போட்ட கார்

காற்று இல்லாததை வைத்தே முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பிளாட்டின் கீழ்வீட்டில் இருந்தார். பெயர் என்று ஒன்று இருந்தது. அதைத் தபால்காரர் மட்டுமே பயன்படுத்தினார். மற்ற எல்லாருக்கும் அவர் வேக்கம் அங்கிள்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம். ரயில்வேயில் பிரேக் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்து ரயில்களில் குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தின் பலத்தில்தான் பிரேக்கை இயக்கினார்கள். அதுதான் வேக்கம். அதை அளக்கும் கருவியின் முள் இருபத்தொரு அங்குலத்தைத் தொடாமல் எந்த ரயிலையும் அவர் நகர விட்டதில்லையாம். ஒருமுறை பெரிய மந்திரி ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தும், முள் பத்தொன்பதில் நிற்கிறது என்று ரயிலை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தாராம். கேட்பவர் முகத்தைப் பொறுத்து அந்த அரை மணி இரண்டு மணியாவதும் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு சோதிக்க ரயில் இல்லை, அதனால் ஊரைச் சோதிக்க ஆரம்பித்தார். யார் வீட்டிலாவது டிபன் கேரியர் மூடி இறுகிக்கொண்டால் விசாரணைக்கு வந்துவிடுவார். பிள்ளைகள் சிராப் சர்பத் குடித்தால், ஸ்ட்ராவில் ஓட்டை இருக்கிறதா என்று வாங்கி உறிஞ்சிப் பார்ப்பார். திருப்பித் தரும்போது பாதி சிராப்தான் இருக்கும். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு உட்கார்ந்ததும் இவர் எழுந்து, எங்கேயோ லீக் இருக்கிறது என்றார். தலைவர் இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை.

எண்பதுகளின் நடுவில் என்னிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. அதன் இஞ்சினுக்கு ரேஸ் காம் போட்டிருந்தேன். காம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. அதில் ரேஸ் ரகத்தை மாட்டினால், கார் சும்மா நிற்கும்போதே உறுமும். பிரிக்ஃபீல்ட்ஸ் சிக்னலில் நான் நின்றால் பங்சாரில் கேட்கும் என்று ஆபீஸில் அளந்துகொண்டிருந்தேன். அந்தக் காமைக் கழற்றச் சொல்வதும் என் மீசையை எடுக்கச் சொல்வதும் எனக்கு ஒன்றுதான்.

வினை பிரேக் வழியாக வந்தது. மிதிகட்டை கல்லாக இறுகிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியும் பிள்ளையும் உள்ளே இருக்க, நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்த கார் என் பேச்சைக் கேட்காமல் போய் ஓர் இளநீர்க் கடையை முத்தமிட்டது. யாருக்கும் அடியில்லை. இளநீர்க் காய்கள் மட்டும் சாலையில் நாலா பக்கமும் உருண்டன. வீடு வந்ததும் என் மனைவி கமலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். இறங்கி நின்று நிதானமாகச் சொன்னாள்:

"பிரேக் வரணும். இல்லன்னா அந்த ரேஸ் சாமான் போகணும். சனிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் பிள்ளைய இதுல ஏத்த மாட்டேன்."

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறைக்காரர் பிரேக் கட்டையை மாற்றினார், பிரேக் பம்பை மாற்றினார், கடைசியில் கையை விரித்தார். "காமைக் கழட்டிடு லா, பாஸ்" என்றார். நான் துக்க வீட்டுக்குப் போய் வந்தவன்போல வீடு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை மாலை, கீழே இஞ்சினை ஓடவிட்டு அதன் முன்னால் சோகமாக நின்றிருந்தேன். குடையோடு வந்த வேக்கம் அங்கிள் நின்று, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"உந்தக் காரிலை பிரேக் எப்பப் பிடிக்கேல்லை, தம்பி? வேகமாப் போகேக்கையோ, ஊர்ந்து போகேக்கையோ?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தால், வேகத்தில் ஒழுங்காகப் பிடித்தது. ஊரும்போதுதான் முரண்டு பிடித்தது. உடனே உத்தரவுகள் வந்தன. இஞ்சினை நிறுத்து. மிதிகட்டையை ஐந்தாறு தடவை அமுக்கு. காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய். நல்ல பிரேக்காக இருந்தால் மிதிகட்டை காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டுமாம். என்னுடையது அசையவில்லை.

உள்ளே போய்ப் பித்தளையில் ஒரு கருவி கொண்டுவந்தார். ரயில்வே சாமான் எப்படி வீட்டில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போகும் குழாயைக் கழற்றி அதில் மாட்டினார். முள் நடுங்கி நடுங்கி எட்டில் நின்றது. கணக்கில் எட்டு மார்க் வாங்கிய பையனாக நான் தலைகுனிந்தேன்.

"எட்டிலை நான் ஒரு கோச்சியைக் கழுவக்கூட அனுப்பமாட்டன்" என்றார். அவர் ஊரில் ரயிலுக்கு அதுதான் பெயர்.

காருக்கும் இஞ்சின் உறிஞ்சும் வேக்கம்தான் பிரேக்குக்குப் பலம் என்று விளக்கினார். ரேஸ் காம் போட்ட இஞ்சின் மெதுவாக ஓடும்போது சரியாக உறிஞ்சாது. இவரும் கழற்றத்தான் சொல்லப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ இஞ்சினைத் தட்டிக்கொடுத்து, இதில் ஒரு குறையும் இல்லை, நன்றாக உறிஞ்சும் நேரத்தில் சேர்த்து வைக்க ஒரு தொட்டிதான் வேண்டும் என்றார். அவருடைய ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஒன்று இருந்ததாம்.

முதல் தொட்டி ஒரு பிஸ்கட் டின். நான் கார் ஓட்டி வேகமெடுத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இஞ்சின் பலமாக உறிஞ்ச, அது படாரென்று நசுங்கியது. அங்கிள் அந்த டின்னைக் கையில் வைத்துப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பூரித்தார். வேக்கத்தின் பலத்தைப் பார்த்தீரா என்று எதிர்ப்பட்ட எல்லாரிடமும் காட்டினார். மறுநாள் காலை கிள்ளான் பழைய இரும்புக் கடையில் ஒரு காலித் தீயணைப்பு சிலிண்டர் கிடைத்தது. கெட்டி இரும்பு. உள்ளே போன வேக்கம் திரும்பி ஓடாதபடி ஒரு வால்வு வைத்து மாட்டினோம்.

சனிக்கிழமை பிற்பகல் சோதனை. பிளாட் முழுவதும் வராந்தாவில் நின்றது. கமலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அங்கிள் பழைய காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு பச்சைக் கொடியோடு வந்துவிட்டார். ஊர்ந்து போய் நிறுத்தச் சொன்னார், ஐந்து தடவை. ஐந்து தடவையும் மிதிகட்டை வெண்ணெயாக இறங்கியது. கார் சொன்ன இடத்தில் நின்றது. இஞ்சின் மட்டும் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

"இனிமே பிள்ளைய ஏத்தலாமா அங்கிள்?" என்று கமலா கேட்டாள்.

பொறும் என்று சொல்லிவிட்டு, காரின் பானெட்டில் ஒரு தாளை வைத்து எழுதினார். இந்த வண்டியின் பிரேக் சோதிக்கப்பட்டது, புறப்படலாம். கீழே கையெழுத்து, அதற்கும் கீழே தன் பதவி, பக்கத்தில் 'ஓய்வு' என்ற சொல். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் அழுத்தி அடித்துவிட்டுத் தாளை நீட்டினார்.

கமலா வாங்கிப் படித்தாள். "நீங்க முன்னால ஏறுங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள். கிள்ளான் வரை போய் வந்தோம். வழியெல்லாம் அவர் சாலையைப் பார்க்காமல் என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவே இல்லை.

அவர் இருந்தவரைக்கும் நான் வாங்கிய எந்த வண்டியும் அவர் கையெழுத்து இல்லாமல் கேட்டைத் தாண்டியதில்லை. அவர் போன பிறகு வாங்கிய வண்டிகளை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை.