ஓவர்சியரின் தூண்டில் முட்களுக்கு நான் செய்த பெட்டி

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் அறை அறையாகப் பிரித்து ஒரு பெட்டியில் அடுக்கிவிடத் தோன்றும். ஆம்பூர்த் தோல் ஷாப் ஒன்றில் சாம்பிள் குமாஸ்தாவாக இருந்தபோது தொற்றியது. ஆட்டுத்தோல் துண்டுகளை நிறவாரியாக அடுக்கி, சீட்டு ஒட்டி, அந்த அழகிலேயே அரைமணி நேரம் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பேன். (முதலாளி அதையும் வேலை என்று நம்பினார், பாவம்.)

இந்த வியாதியோடுதான் காவேரிப்பாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா அங்கே ஏரி ஓவர்சியர். காபி கொண்டுவந்த எஸ்தரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தேன். அவளும் பார்த்தாள். இனி வேறு பெண் வேண்டாம் என்று அப்போதே தீர்மானமாகிவிட்டது. ஆனால் பேச முடியுமா? அந்தக் காலத்தில் தாலி கட்டும்வரை மாப்பிள்ளைக்கு வாய் கிடையாது.

ஓவர்சியருக்கு மீன்பிடிப் பைத்தியம். பட்டணத்திலிருந்து வரவழைத்த சீமை முட்கள் நூற்றுக்குமேல், ஓர் அல்வா டப்பாவில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. என் கை பரபரத்தது.

"மாமா, இதுக்கு நானே ஒரு பொட்டி செஞ்சித் தர்றேன்" என்றேன். (அதற்குள் மாமா!)

"என் உசுரே இதுலதான் இருக்குது தம்பி. பத்திரமா எடுத்தாந்து குடுங்க. அப்பால கல்யாணத் தேதி பேசலாம்" என்று டப்பாவை என் மடியில் வைத்தார்.

பிஸ்கட் தகரம் பார்த்தேன், சலசலத்தது. மாம்பலகைப் பெட்டி பார்த்தேன். பிள்ளைத்தொட்டில் மாதிரி கனத்தது. கடைசியில் ஒரு சின்னத் தேக்குப்பெட்டி. அதில் இருபத்துநான்கு அறைகள். விரால் முள், கெண்டை முள், கெளுத்தி முள், தக்கை, ஈயக்குண்டு என்று அறைக்கொரு சீட்டு. உள்ளே மெத்தென்று இருக்க, தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தொட்டியிலிருந்து அன்றைக்கே எடுத்த ஈரத்தோல். மூலைகளில் அது சொன்னபடி வளைந்தது.

தொட்டியில் வேலைசெய்யும் என் தோஸ்த் கரீம் எட்டிப்பார்த்தான். "இன்னாப்பா, ஈரத்தோல்ல இரும்பை வெக்கிற? கறுத்துப்பூடும்."

"உனக்குத் தொட்டிதான் தெரியும். கலை தெரியாது" என்றேன். இரும்பு பட்டால் பட்டைச்சாறு கறுத்துவிடும் என்று தொட்டிப் பக்கம் ஓர் ஆணியைக்கூட யாரும் கொண்டுபோக மாட்டார்கள். காய்ந்த சாம்பிளை மட்டுமே தடவி வளர்ந்த எனக்கு அது எங்கே தெரியும்?

மூடிய பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நாலு நாள் கனவு கண்டேன். நான் மூடியைத் திறக்கிறேன். ஓவர்சியர் கண் கலங்குகிறார். கதவோரம் எஸ்தர் சிரிக்கிறாள். வாலாஜா ரோட்டில் ரயிலிறங்கி ஜட்காவில் போகும்போதும் அதே கனவுதான்.

ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத பனிக்காலை. கரையோரத் தன் வீட்டு வாசலில் ஓவர்சியர் காத்திருந்தார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே மை. தோல், முள், தக்கை, சீட்டு எல்லாம் ஒரே கறுப்பு. பதறிப்போய்க் கையால் துடைத்தேன், அந்தக் கையால் முகத்தைத் துடைத்தேன், பிறகு வெள்ளைக் கோட்டில் துடைத்தேன்.

"இன்னா தம்பி, முள்ளைச் சுட்டு எடுத்தாந்தீங்களா?" என்றார். "ஒரு முள்ளு பாக்கியில்லாம தேச்சிக் குடுத்துட்டுக் கெளம்புங்க. கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எஸ்தர்! புளியும் சாம்பலும் எடுத்துட்டு வா. இவரை நம்பாத, கூடவே இருந்து தேய்."

முள்ளின் கவலையில், யாரை யாரோடு உட்காரவைக்கிறோம் என்பதை மனுஷர் மறந்தே போனார்.

பத்து முள்வரை இருவரும் தலை நிமிராமல் தேய்த்தோம். பதினோராவது என் விரலில் ஏறியது. "மெதுவா... எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். எனக்கு ஏரி, பனி, நீர்க்காகம் எல்லாமே மிதந்தன. அவள் படித்த பள்ளிக்கூடம், என் அம்மாவின் கோபம், அவளுக்குப் பிடிக்காத கத்திரிக்காய் என்று பேச்சு வளர்ந்தது. உச்சிவெயில் வந்தது. பளபளத்த முள் ஒன்றை மறுபடி புளியில் தோய்த்தேன். அவளும் அதையே செய்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஓவர்சியர் முட்களை எண்ணி வாங்கிக்கொண்டார். எஸ்தர், "அப்பா, தேதி பாருங்க" என்றாள்.

"ஒரு பொட்டி செய்யத் தெரியலையேம்மா!"

"நான் இன்னா, பொட்டிக்குள்ளயா குடும்பம் நடத்தப் போறேன்?"

போன தை மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனும் பெண்ணும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி எல்லார் முன்னாலும் என்னிடம் திரும்பிச் சொன்னாள்: "பாவம், வாயே தொறக்கலை. துருப்பிடிச்ச முள்ளு ஏதாச்சும் இருந்தா ரெண்டு பேர்கிட்டயும் குடுங்களேன்."