கொட்டாஞ்சேனையில் ஒரு ஃபேமிலி ரூம்

என் மச்சான் மாயாண்டி வீட்டுப் படியை இந்த ஜென்மத்துல மிதிக்க மாட்டேன்னு ஒரு சபதம் போட்டிருந்தேன். பதினொரு வருசம் காப்பாத்தினேன். கல்யாணம் கட்டின ஆம்பளை ஒருத்தன் பதினொரு வருசம் ஒரே முடிவுல நிக்கிறது லேசுப்பட்ட காரியமா? நீங்களே சொல்லுங்க.

காரணம் சின்னதுதான். நான்தான் ஊட்டி வளர்த்துட்டேன். மக கிருஷாந்தி சடங்குக்குத் தாய்மாமன்தானே சீர் கொண்டு வந்து முதல் மாலை போடணும்? அன்னைக்குப் பார்த்து வழியில கினிகத்தேனையில மண்சரிவு. கொழும்புல இருந்து கிளம்பின மாயாண்டி வந்து சேரல. நல்ல நேரம் முடியப் போகுதுன்னு நான் வேற ஒருத்தனைப் பிடிச்சு மாலை போட வச்சுட்டேன். அரை மணித்தியாலம் கழிச்சு, நனைஞ்ச சீர்த்தட்டோட வாசல்ல நின்னான். அவனும் கத்தினான், நானும் கத்தினேன். அதோட சரி. அவன் கொழும்புல எந்த மூலையில இருக்கான்னுகூட நான் கேட்டதில்ல.

இப்ப அதே கிருஷாந்தி பட்டம் வாங்கப் போறா. எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள்ல முதல் பட்டதாரி! சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு கொழும்பு மண்டபத்துல நிக்கணும். விடிய விடிய மஸ்கெலியா பஸ்ல போனா என் பொண்டாட்டி நாகலெட்சுமி வளைவுக்கு ஒரு வாந்தி எடுப்பா. அதனால முந்தின நாளே போய்த் தங்கணும்.

"தம்பி வீட்டுல தங்குவோமே?"

"நாகலெட்சுமி!"

"சரி, சரி, கத்தாதீங்க. அப்பாவும் மாமாவும் ஒரே போட்டோவுல நிக்கணும்னு புள்ளைக்கு ஆசை. அதச் சொன்னேன்."

"ஹோட்டல் ரூம் நான் பாக்குறேன். நீ சாரியை மடிச்சு வை."

அவளும் அடங்கிட்டா. மறுநாள், "கோழிக்கூட்டுக்குக் கதவு அடிக்கணும், நாலடியில ஒரு பலகை அறுத்துத் தாங்க"ன்னா. ஜெயிச்ச சந்தோசத்துல இழைச்சு, ரெண்டு ஓரமும் ஓட்டை போட்டே கொடுத்தேன்.

நான் தேயிலை ஸ்டோர்ல, அதான் தோட்டத்து ஃபேக்டரியில, தூள் சலிக்கிறவன். சலிச்ச சலிப்புல ரூம் விசயம் மறந்தே போச்சு. ரெண்டு கிழமை கழிச்சு, புதன்கிழமை சாயங்காலம் கேட்டா.

"ரூம் என்னாச்சுங்க?"

"ரெண்டு மூனு ஹோட்டல்காரன் கெஞ்சுறான். யாருக்குக் கொடுக்கலாம்னு யோசிக்கிறேன்."

சொல்லிட்டு கோயில் மேட்டுக்கு ஓடினேன். எங்க தோட்டத்துல அங்கதான் சிக்னல் கிடைக்கும். அந்தக் கிழமை கொழும்புல ஏதோ பெரிய மாநாடாம். முதல் ஹோட்டல்ல சொன்ன வாடகை, நாகலெட்சுமி ரெண்டு மாசம் மலையேறிக் கொழுந்து பறிச்சு எடுக்கிற சம்பளம்.

"ஒரு ராத்திரிக்கா?" பின்னாலயே வந்து நின்னிருக்கா. "ரெண்டு மாசக் காசைக் கொடுத்துட்டு தூக்கம் வருமாங்க?"

ரெண்டாவது ஹோட்டல்காரன் சிங்களத்துல, "எத்தனை மணித்தியாலத்துக்கு?"ன்னான்.

"முழு நாளைக்கும். பொண்டாட்டியோட வாறேன்."

"சொந்தப் பொண்டாட்டியா?" அவன் குரல்ல அப்படி ஒரு அதிர்ச்சி. போனை வச்சுட்டேன்.

மூனாவது ஹோட்டல் சரின்னுச்சு. கால் மணித்தியாலத்துல திரும்ப எடுத்து, "வெள்ளைக்காரங்க வந்துட்டாங்க, உங்க ரூமைக் கொடுத்துட்டோம்"னுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல.

வியாழக்கிழமை காலைல நாகலெட்சுமி கொழுந்து மலைக்குப் போனா. பத்து மணிக்கு முதல் கொழுந்து நிறுக்கிறதுக்குள்ள ரூம் கிடைச்சிருச்சு! அடுத்த நிரையில கொழுந்து பறிக்கிற ஜீவராணிகிட்ட சொல்லியிருக்கா, ஜீவராணி அடுத்த நிரைக்குச் சொல்லியிருக்கா. எங்க தோட்டத்துப் புள்ளைங்கதான் கொழும்புல பாதிக் கடையில நிக்குதுங்களே.

"கொழும்பு கொட்டாஞ்சேனையில ஃபேமிலி ரூமாம். இந்தாங்க நம்பர். பேரம் எல்லாம் நீங்கதான் பேசணும், எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தையில விழுந்தேன்.

"ஹலோ, மேனேஜரா?"

"ஆமா சார்." இளம் குரல்.

"காலைச் சாப்பாடு?"

"இடியப்பம், சம்பல், சொதி சார்."

"பால் ஊத்தாத பிளேன்டி?"

"இஞ்சி தூக்கலாப் போட்டு, சீனி தனியாக் கையில சார்."

மனுசன் என் மனசைப் படிச்சுட்டான். நான் விடுவேனா? "ஒரு கண்டிசன். வேற ஆள் வந்துட்டான், அது இதுன்னு சொல்லக்கூடாது. என்ன நடந்தாலும் சனிக்கிழமை வரைக்கும் நான் வெளிய போக மாட்டேன். நீங்களும் போகச் சொல்லக்கூடாது. சரியா?"

"சத்தியமா சார்."

"பார்த்தியா?"ன்னேன் நாகலெட்சுமிகிட்ட. "இதுதான் பேரம்."

"உங்களுக்குத்தாங்க வரும்"னா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். சந்துக்குள்ள ஒரு மாடி வீடு. 'ஃபேமிலி ரூம்'னு போர்டு, பெயின்ட் வாசம் அடிச்சுது. செருப்பைக் கழட்டி, கால் கழுவி, கட்டில்ல சாஞ்சுட்டேன். "பிளேன்டி!"ன்னு ஒரு குரல் கொடுத்தேன்.

பிளேன்டி வந்துச்சு. இஞ்சி தூக்கலா, சீனி தனியா. கொண்டு வந்தது மாயாண்டி.

எழும்பி நின்னுட்டேன். "நாகலெட்சுமி! பெட்டியை எடு!"

"எப்படிங்க போறது?"ன்னா அவ, சாவகாசமா. "என்ன நடந்தாலும் சனிக்கிழமை வரைக்கும் போக மாட்டேன்னு நீங்கதானே மேனேஜர்கிட்ட சொன்னீங்க?"

மேனேஜர் கதவுக்குப் பின்னால இருந்து எட்டிப் பார்த்தான். மாயாண்டி மகன் மதுரன். கடைசியாப் பார்த்தப்போ பத்து வயசு. "சத்தியம் பண்ணிட்டேன் மாமா"ன்னான், பல்லைக் காட்டிக்கிட்டு.

மாயாண்டி தலையும் நரைச்சுப் போச்சு. "மச்சான், அன்னைக்கு கினிகத்தேனையில இருந்து மழையில நடந்தே வந்தேன்"னான். அவ்வளவுதான் சொன்னான். பதினொரு வருசமா இதை அவன் சொல்லவும் நான் விடல. பிளேன்டியை வாங்கிக் குடிச்சேன்.

மறுநாள் கிருஷாந்தி கறுப்பு அங்கியோட மண்டபத்துல இருந்து வெளிய வந்தா. மாலை என் கையில இருந்துச்சு. மாயாண்டி கையில கொடுத்து, "நீ போடுறா மொதல்ல"ன்னேன். நானும் அவனும் புள்ளையும் மூனு பேரும் அழுதோம். போட்டோவுல எல்லார் மூஞ்சியும் வீங்கித்தான் இருக்கு.

கிளம்புற நேரம் மதுரன் போர்டைக் கழட்டினான். ஹோட்டலை மூடுறானாம். பெட்டி தூக்குறப்ப அந்தப் போர்டோட பின்பக்கத்தைப் பார்த்தேன். பென்சில்ல, என் கையெழுத்துல, 'கோழிக்கூட்டுக் கதவு'.

நாங்க கோழி வளர்க்கிறதே இல்ல. அன்னைக்கே எனக்கு விளங்கியிருக்கணும்.