மெயின் சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்

வீட்டைப் பூட்டியதும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் இழுத்துப் பார்த்து, பஸ் ஸ்டாண்டு வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிற ரகம். எல்லாம் நன்றாக இருந்தால்தான் எனக்கு இருப்புக்கொள்ளாது. இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு, எது கெட்டாலும் வேலை நிற்காதபடி ஓர் ஏற்பாடு செய்யக் கிளம்பினேன்.

அரியலூர் மறுபடியும் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த வருடங்கள் அவை. துபாயில் சர்வே வேலை பார்த்துத் திரும்பிய லப்பைக்குடிகாடு காதர் பாய், பெரம்பலூரில் சின்னதாக ஓர் ஆபீஸ் போட்டிருந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். படங்கள் எல்லாம் ஒரே சர்வரில். மழை வந்தால் படுத்துவிடும், கரண்ட் போனால் படுத்துவிடும், பாய் பலமாகத் தும்மினால்கூடச் சந்தேகம்தான். அதனால் அரியலூரில் ஒரு கிளை திறந்து, அங்கே இரண்டாவது சர்வர் வைப்பதென்று முடிவானது. திட்டம் என் பொறுப்பு. சரியாகச் செய்து காட்டினால் கிளைக்கு நான்தான் இன்சார்ஜ் என்று பாய் சொல்லியிருந்தார். (நாற்காலி என்ன கலர் என்பதுவரை நான் யோசித்தாயிற்று.)

முப்பது பக்கம் எழுதினேன். சாரம் இதுதான்: அரியலூர் சர்வர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை டெலிபோன் லைனில் பெரம்பலூர் சர்வரைக் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்கும். தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால், மெயின் போய்ச் சேர்ந்தது என்று மணியடித்து, தானே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். பெரம்பலூரில் எங்களுக்கு இருந்தது ஒரே லைன். சர்வருக்கும் அதுதான், நாங்கள் பேசுவதற்கும் அதுதான். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று அதை மட்டும் நான் எழுதவில்லை.

செய்து காட்டும் நாள் வந்தது. சுரங்க மேனேஜர் பத்தரைக்கு அரியலூர் வருவார். பத்தே முக்காலுக்கு, அன்று காலை அளந்த அவருடைய புதுக் குழியின் படம் இரண்டாவது சர்வருக்குப் போகும். பதினோரு மணிக்கு நான் மெயினை நிறுத்துவேன். அரியலூரில் அவரைக் கவனிக்க, புதிதாகச் சேர்ந்திருந்த ஆண்டிமடத்துத் தமிழ்ச்செல்வி.

ஒன்பது மணியிலிருந்து அவளுக்கு ஃபோன் போட ஆரம்பித்தேன். மேனேஜர் வந்துவிட்டாரா, ஃபேன் ஓடுகிறதா, மானிட்டரைத் துடைத்தாயா. நாலாவது தடவை அவள், "சார், ஃபோன வைங்க. லைனு..." என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. பத்தரைக்கு மேனேஜர் வந்ததும் மறுபடி அழைத்து, அவரை எங்கே உட்கார வைப்பது, எந்தப் பக்கம் நின்று பேசுவது என்று விளக்கினேன். நடுவில் மூன்று முறை வைக்கச் சொன்னாள். சேர்ந்து மூணு மாசம் ஆகவில்லை, அதற்குள் என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் மெயின் சர்வர் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதைத் தடவிக்கொண்டே ஆறேழு நிமிடம் பேசியிருப்பேன்.

ஃபோனுக்குள் மணியடித்தது. என்ன மணி என்று கேட்டேன்.

"நீங்க வச்ச மணிதான் சார்."

அடுத்து வந்தது மேனேஜரின் குரல். "யாருங்க பேசறது?"

"நான்தான் சார், பெரம்பலூர்லேருந்து. மெயின் சர்வர் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். நல்லா ஓடுதுங்க."

"இங்க அது செத்துப்போச்சுன்னு போட்டிருக்கே?"

"இல்லீங்க சார், உயிரோடதான் இருக்கு."

"சரி, எங்க குழி எங்கீங்க? படத்துலயே காணோமே."

அந்த நொடியில் ரிசீவரை வைத்திருந்தால் எல்லாம் தானாகச் சரியாகியிருக்கும். நானோ, லைன் எவ்வளவு முக்கியம் என்பதை அதே லைனில் அவருக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். (இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.) கடைசியில் தமிழ்ச்செல்வி அவர் கையிலிருந்து மரியாதையாக ரிசீவரை வாங்கி, "சார், பதினோரு மணிக்கு நிறுத்துங்க. நிறுத்திட்டுக் கூப்பிடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். லைன் கிடைத்ததும் மெயின் பிழைத்துக்கொண்டது. குழியின் படம் போய்ச் சேர்ந்தது. பதினோரு மணிக்கு நிறுத்தினேன், நகத்தைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அரியலூரில் எல்லாம் கச்சிதமாக நடந்ததாம்.

மாலையில் பாய் என் முப்பது பக்கத்தையும் நிதானமாகப் புரட்டினார். "மெயினு சொதப்புனா ரெண்டாவது பொறுப்ப எடுத்துக்கணும். நீ எழுதுனதுதானே தம்பி?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அரியலூருக்கு அந்தப் புள்ளதான் இன்சார்ஜ். நீ ஸ்டாண்ட்பை."

அழுகை வந்துவிட்டது. வண்டியில் தூசி என்று சொல்லி, வேப்பந்தட்டையில் வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனேன்.

இரண்டு வருடம் அவளுக்குக் கீழே வேலை பார்த்தேன். அப்புறம் அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். (என்ன தைரியத்தில் சம்மதித்தாள் என்று இன்னும் கேட்கவில்லை.) போன வாரம் எங்கள் மகள் காலேஜ் ஹாஸ்டல் படிவத்தை நிரப்பினாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய முதல் எண்: அம்மா. இரண்டாவது எண்: அப்பா. அதன் பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்தாள்: "இது எங்கேஜ்டாகத்தான் இருக்கும். என்னிடம் பேசிக்கொண்டிருப்பார்."