வால்வு சாரும் சி பிளாக் தண்ணீரும்

மேடவாக்கத்தில் மழை பெய்வது வேண்டுமானால் ஆண்டவன் கையில் இருக்கலாம். எங்கள் அபார்ட்மெண்டில் குழாயில் தண்ணீர் வருவது வால்வு சார் கையில்தான் இருந்தது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

மொத்தம் மூன்று பிளாக். லாரித் தண்ணீர் தரைக்கடியில் ஒரே சம்ப்புத் தொட்டியில் விழும். எந்த பிளாக்கின் வால்வைத் திறக்கிறோமோ அந்த மாடித் தொட்டிக்கு மோட்டார் ஏற்றும். முதலில் திறந்த பிளாக் குளிக்கும், அடுத்தது முகம் கழுவும், கடைசியில் நிற்கும் சி பிளாக் குழாயில் காற்று வரும். வால்வு அறையின் சாவி அசோசியேஷன் செகரட்டரியிடம் இருக்கும்.

ஏ பிளாக்கில் குடியிருந்தாலும், பதவிக்கு வருவதற்கு முன் வால்வு சார் சி பிளாக்குக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். மீட்டிங்கில் நாற்காலி மேல் ஏறி நின்று, "ஏன் சார், சி பிளாக்காரன் மட்டும் டிஷ்யூ பேப்பர்லயா குளிப்பான்?" என்று கேட்டார். சி பிளாக் மொத்தமும் அவருக்கு ஓட்டுப் போட்டது. நானும் போட்டேன்.

செகரட்டரி ஆனதும் சாவியை ஐ.டி. கார்டு போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று அவர் மனைவியே என் மனைவியிடம் வருத்தப்பட்டார். தினமும் ஏ பிளாக் வால்வுதான் முதலில் திறந்தது. அவருடைய காரும் தினமும் குளித்தது. கேட்டால், "எல்லாத்துக்கும் ஒரு ஆர்டர் வேணும் சார். இது ஆல்ஃபபெட்டிகல் ஆர்டர்" என்பார்.

சி பிளாக் மூன்றாவது மாடியில் மும்தாஜ் அக்கா. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்து பத்து நாள். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் துணி அலசத் தண்ணீர் இல்லை. நோன்பு மாதம். அக்கா ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சியோடு வால்வு சாரைப் பார்க்க வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

சார் ஒரு வாய் குடித்தார். "கஞ்சி கொஞ்சம் கெட்டியா இருக்கேம்மா. தண்ணி பத்தலையோ?"

"எங்க சார் இருக்கு? நீங்க விட்டாதானே! குழந்தை துணி ரெண்டு நாளா அப்படியே கிடக்கு சார்."

"பாப்போம்," என்றார். கஞ்சியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் சொன்னார், படுபாவி!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மீட்டிங்கில் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். எல்லாரும் சேர்ந்து அவரை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். நான் பி பிளாக்.

இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது. முதல் நாள் காலை, சி பிளாக்கைத்தான் திறக்கப் போனேன், சத்தியமாக. அதற்குள் மனைவியிடமிருந்து போன். "என்னங்க, தலையில ஷாம்புவோட நிக்கறேன், தண்ணி நின்னுடுச்சு!" பி பிளாக்கைத் திறந்தேன். இன்று ஒரு நாள்தானே என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஓடிவிட்டது. மும்தாஜ் அக்கா வந்து கேட்டபோது, "நடுவுலேர்ந்து ஆரம்பிச்சாதான்க்கா பிரஷர் கரெக்டா இருக்கும்" என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அக்கா நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

மனுஷ ஜென்மத்தின் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதிலும் என் மேல் சுத்தமாகப் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் நின்றிருந்தேன். எதிரே சி பிளாக் படிக்கட்டில், இரண்டு கையிலும் பக்கெட்டோடு வால்வு சார் ஏறிக்கொண்டிருந்தார். அவருடைய ஏ பிளாக்குக்கே அன்று அரைத் தொட்டிதான் ஏறியிருந்தது. மாடிக்கு மாடி பக்கெட்டை வைத்து மூச்சு வாங்கினார். மூன்றாவது மாடியில் கதவு திறந்தது.

"குழந்தை இருக்கற வீடு. பிடிம்மா, இன்னும் ரெண்டு நடை கொண்டாரேன்."

ஓடிப்போய் ஒரு பக்கெட்டையாவது வாங்கியிருக்க வேண்டும். நான் உள்ளே வந்து திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன். பக்கெட் தூக்கும் அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதனால்தான் அந்தச் சாவியை அவரிடம் திருப்பிக் கொடுக்க பயமாக இருக்கிறது.