பொலித்தீன் கழற்ற அனுமதி கோரல்

அன்பும் மரியாதையும் நிறைந்த சகலன் இராஜேந்திரன் அண்ணைக்கு,

தயாநிதி எழுதிக்கொள்வது. ஓர்லிகோனில் நீங்களும் அக்காவும் சூட்டோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைப் பிறகு எழுதுகிறேன், முதலில் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பிங் வானைச் சூடாக்கும் ஹைசுங் வேலை செய்யவில்லை என்று காலையில் தொலைபேசியில் சொல்லத் தொடங்கியதும் நீங்கள், “தயா, எதெண்டாலும் எழுத்தில தா. வாயால சொன்னா பிறகு நீ ஒண்டு சொல்லுவாய், நான் ஒண்டு சொல்லுவன்” என்று வைத்துவிட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன். முடித்ததும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். தயவுசெய்து ஆறு மணிக்கு முன் பதில் போடுங்கள்.

ஏன் ஆறு மணி என்றால், அது உங்கள் மைத்துனி சுமித்ரா எனக்குக் கொடுத்த தவணை. நான் பென்சனுக்கு வந்து நாலு மாதம். லாங்கன்தாலில் முப்பத்தொரு வருடம் ஹோட்டல் குசினியில் நின்ற எனக்கு இந்த நாட்டின் மலைகள் எல்லாம் குப்பை வாளி வைக்கும் பின்கதவால் பார்த்தவைதான். அவளோடு ஒரு இடமும் போகவில்லை. இனி வருடத்தில் பாதியாவது வான் எடுத்துக்கொண்டு திரிவோம் என்று கேட்டேன், கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவள், “சரி, ஐஞ்சு நாள் வாறன். ஒரு நாள் குளிரில விறைச்சனெண்டாலும் நேரா வீட்டை. அதுக்குப் பிறகு வான் எண்ட கதையே எடுக்கக்கூடாது” என்றாள். இன்று இரண்டாம் நாள். வெளியே மைனஸ் பதினொன்று. ஆறு மணிக்குள் வான் சூடாகாவிட்டால் ரயில் ஏறிவிடுவாளாம், அவளுடைய பை கதவடியில் கட்டி வைத்திருக்கிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அண்ணை. இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தரம் எழும்பிப் போய் ஹைசுங்கில் எரிகிற சிவப்பு லைற்றைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் பிழை என்னுடையதுதான், மறைக்கவில்லை. பல்கனியில் கோழி சுட வைத்திருந்த நீலச் சிலிண்டர் பாதியில் கிடந்ததே, வீணாகப் போகக்கூடாது என்று அதைத்தான் கொண்டுவந்து பூட்டினேன். ஹைசுங் ஒரு சத்தமும் போடவில்லை. இந்தக் கம்பிங் இடத்தைப் பார்க்கிற எலேனா என்ற அம்மா வந்து சிலிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது பியூட்டேன், பூச்சியத்துக்குக் கீழே இது காஸாக எழும்பாது, தண்ணீர் மாதிரி உள்ளேயே படுத்திருக்கும், புரோப்பேன் பூட்டு என்று சொல்லி அவரே ஒன்று உருட்டிக்கொண்டு வந்து தந்தார். பூட்டினேன். அப்போது ஹைசுங்கின் காற்றாடி சுற்றவில்லை. பற்றரி செத்துக் கிடந்தது. ஏனென்றால் மின்சாரம் உள்ள இடமெல்லாம் நிறைந்துவிட்டதால் எங்களுக்கு வெறும் இடம்தான் கிடைத்தது, சுமித்ரா வீட்டு ரைஸ் குக்கரை வான் பற்றரியில் கொளுவிச் சோறு போட்டிருந்தாள். சோறும் வேகவில்லை. ஒரு மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரியை ஏற்றினேன்.

பிறகு ஹைசுங்கைப் போட்டால் டிக், டிக், டிக் என்றது, பற்றியது, நான் சுமித்ராவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன், பத்துச் செக்கனில் அணைந்துவிட்டது. திரும்பவும் போட்டேன், திரும்பவும் பத்துச் செக்கன். இப்படிப் பதினாலு தரம். அவள் போர்வைக்குள் இருந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுபடி எலேனாவைக் கூப்பிட்டேன். அவர் உள்ளே வரவே இல்லை, வெளியே நின்று வானின் பக்கச் சுவரைக் காட்டினார். புகை போகிற குழாய்க்கு மேலே பொலித்தீன். அண்ணை, நீங்கள்தான் சுற்றியிருக்கிறீர்கள். மூன்று சுற்று, ஓரமெல்லாம் செலோரேப், மூலை மடித்து, ஒரு கலியாணப் பரிசுக்குக்கூட யாரும் அப்படிச் சுற்றமாட்டார்கள். “மூச்சு விட வழியில்லாட்டி அது எப்படி எரியும்? அணைஞ்சது உங்கட நல்ல காலம். புகை உள்ளுக்கு வந்திருந்தா நீங்கள் ரெண்டு பேரும் எழும்பியே இருக்கமாட்டியள்” என்ற கருத்தில் ஜெர்மனில் சொன்னார். வாங்கி நாலு வருடத்தில் கழுவுகிற இடத்துக்கு மட்டுமே போய்வந்த வானில் ஹைசுங்கைப் போட்டுப் பார்த்த முதல் ஆள் நான்தான் என்பது அப்போதுதான் விளங்கியது.

நான் உடனே கத்தியை எடுத்தேன். எடுத்த கையோடு, நீங்கள் கதவில் ஒட்டியிருக்கும் விதிகளில் முதலாவது கண்ணில் பட்டது: ‘எந்தப் பொலித்தீனும் கழற்றப்படாது.’ திறப்பைத் தரும்போது என் கையைப் பிடித்து, “தயா, புதுசு மாதிரித் தந்தன், புதுசு மாதிரித் தா” என்றும் சொன்னீர்கள். இருக்கையிலும், மேசையிலும், மெத்தையிலும் இருக்கிறதில் நான் விரலும் வைக்கமாட்டேன். அந்த ஒரு குழாய்க்கு மட்டும் அனுமதி தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வானைக் கொண்டுவந்து விடும்போது, நீங்கள் சுற்றியது மாதிரியே மூன்று சுற்றுச் சுற்றித் தருவேன். இது எனக்குக் கட்டாயம் வேண்டும், அண்ணை. இன்றைக்கு இவள் ரயில் ஏறினால் நான் மிச்சக் காலத்தை சோபாவில் இருந்து ரிவி பார்த்தே முடிக்கவேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். அம்மன் அருளால் உங்கள் இருவருக்கும் நோய் நொடியில்லாத வருடமாக அமையட்டும். விறைத்த விரல்களோடு,

உங்கள் அன்புச் சகலன்,
தயாநிதி

பி.கு.: மேலே எழுதிய எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி சுமித்ராவிடம் கொடுத்தேன். வாசித்து முடித்தாள், கத்தியை வாங்கினாள், சப்பாத்துக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே போய்க் குழாயில் இருந்ததை வெட்டினாள். அதோடு நிற்கவில்லை. இருக்கை, மேசை, மெத்தை, ரிவி ரிமோட் வரைக்கும் ஒன்றும் மிச்சமில்லை. “குளிரைத் தாங்கலாமப்பா, ராத்திரி முழுக்கச் சரசரவெண்டு பொலித்தீனில புரண்டதைத்தான் தாங்கேலாது” என்றாள். இந்தமுறை போட்ட ஹைசுங் அணையவில்லை, பத்து நிமிடத்தில் வான் சூடாகிவிட்டது. பையை அவிழ்த்து உடுப்பெல்லாம் அலுமாரியில் அடுக்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரமாட்டோமாம். அப்போ நாளைக்கு எங்கே போகிறோம் என்று கேட்டேன். “உங்களுக்குச் சொன்னா நீங்கள் உடன அத்தானுக்கு எழுதிப்போடுவியள்” என்கிறாள்.