கொச்சங்காடியில் வாங்கிய கார் ரேடியோ

கார் ரேடியோ எங்கே வாங்கலாம் என்று இதுவரை மூன்று பேர் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். மூன்று பேருமே எங்கள் குடும்பத்துக்குப் புதியவர்கள். பழையவர்கள் கேட்க மாட்டார்கள். எங்கே வாங்கக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்பதும், அதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது. ஜமீலாவைக் கல்யாணம் செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய அத்தா, அதாவது என் மாமனார், மட்டாஞ்சேரியில் சுக்கு மொத்த வியாபாரி. நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். குறைவாகப் பேசும் மனிதர். அந்த எட்டு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய வார்த்தைகளை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். (விலாசம் எழுதவும் இடம் மிச்சமிருக்கும்.)

என் மாமியாரை நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டார். சுலைகா என்று பெயர். நல்ல பருமன், நல்ல சிரிப்பு என்று ஜமீலா சொல்வாள். மாமாவின் கருப்புச் சீமைக் காரில் பின்சீட்டின் இடது பக்கம் அவருடைய இடம். அவர் போன பிறகும் மாமா வலது ஓரத்திலேயே ஒட்டி உட்கார்ந்து போய்வந்துகொண்டிருந்தார்.

மாமாவின் தனிமையைப் பார்க்கப் பொறுக்காமல் ஜமீலாவும் உறவினர்களும் சேர்ந்து பெரும்பாவூரில் ஒரு விதவைப் பெண்மணியைப் பேசி வைத்தார்கள். ஆறு மாதம் மறுத்து, கடைசியில் "போய்ப் பாக்கலாம்" என்று மாமா இறங்கி வந்தார். நாள் குறித்தாயிற்று. அதற்குப் பத்து நாள் முன்பு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்பிளே, வண்டியில ஒரு ரேடியோ வெக்கணும். எங்க வாங்கினா நல்லதுன்னு விசாரிச்சு, எர்ணாகுளத்துல நல்ல கடையாப் பாத்து வாங்குங்க."

என்னை ஏன் கேட்டார் என்றால், அந்த வீட்டில் நான் ரேடியோ நிபுணன். ஒரு முறை கூடத்து ரேடியோ பாடாமல் போனபோது நான்தான் சரிசெய்தேன். (பிளக் கழன்றிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் திருப்புளியோடு அதன் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.)

எர்ணாகுளத்தில் இரண்டு கடை ஏறினேன். கார் ரேடியோ சீமையிலிருந்து வரவேண்டும், பெர்மிட் வேண்டும், நாலைந்து மாதமாகும் என்றார்கள். மெட்ராஸுக்குக் கடிதம் போடுங்கள் என்றார் ஒருவர். வெறும் கையோடு போய் மாமா முன்னால் நிற்க எனக்கு மனமில்லை. அப்போதுதான் கொச்சங்காடியில் கப்பல் சாமான் விற்கும் லோனன் சேட்டனைப் பற்றி யாரோ சொன்னார்கள்.

பழைய மிளகுக் கிடங்கு அது. பகலிலேயே இருட்டு. உள்ளே போனதும் வெளியே பெய்த மழையின் சத்தம் நின்றுவிட்டது போலிருந்தது. சுவர் முழுக்கக் கப்பல் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் நின்றிருந்தது. ஒரு தட்டு நிறைய மூக்குக்கண்ணாடிகள், யாரோ இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல. ஒரு திசைகாட்டி இருந்தது. நான் இடது பக்கம் நகர்ந்தால் அதன் முள்ளும் இடது பக்கம் வந்தது. நான் நின்றேன். அதுவும் நின்றது.

"ரேடியோ உண்டு," என்றார் லோனன் சேட்டன், நான் கேட்பதற்கு முன்பே. சாக்குத் துணியை விலக்கி ஓர் இரும்புப் பெட்டியைக் காட்டினார். குமிழ்களில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

"இது யாரோட ரேடியோ, சேட்டா?"

"ஒரு வெள்ளக்கார சாயிப்போட வண்டியில இருந்தது. சாயிப்பு போயி."

"சீமைக்கா?"

"அங்கயும் இல்ல," என்றார் அவர். சாக்குத் துணியை மடித்தபடி, "ஒரு காரியம் மாத்திரம் சொல்றேன். மழைக்காலத்துல இது கொஞ்சம் வர்த்தமானம் பேசும்."

"ரேடியோன்னா பேசத்தானே வேணும்!" என்று நான் சிரித்தேன். லோனன் சேட்டன் சிரிக்கவில்லை. அறிவுள்ள எவனும் அந்த இடத்திலேயே திரும்பிப் போயிருப்பான். நானோ, சாக்கோடு கட்டித்தரச் சொன்னேன். வீட்டில் எர்ணாகுளத்தில் வாங்கியது என்று சொல்லிவிட்டேன்.

பெரும்பாவூர்ப் பயணத்துக்கு முதல் நாள் பிற்பகல், மாமா கடையில் இருந்த நேரமாகப் பார்த்து, லோனன் சேட்டனே வந்து வண்டியில் பொருத்தினார். கேட்டுப் பார்க்கலாம் என்று டிரைவர் பரீதிக்காவும் நானும் கிளம்பினோம். பரீதிக்கா பதினைந்து வருடமாக மாமாவின் டிரைவர். எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் இக்கா. ரேடியோ பத்து நிமிடம் பாடியது. நான் ராஜா போல் உட்கார்ந்திருந்தேன். மட்டாஞ்சேரிப் படகுத்துறைப் பக்கம் வந்தபோது மழை வலுத்து வழி தெரியாமல் போனதால் வண்டியை ஓரமாக நிறுத்தி, ரேடியோவையும் அணைத்தேன். குமிழ் 'டக்' என்று மூடிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

இரண்டு நிமிடம் கழித்து ரேடியோவின் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் மெல்ல மெல்ல ஏறியது. பிறகு ஒரு சத்தம். தூங்குகிறவர்கள் மூச்சு விடுவார்களே, அது மாதிரி. அதற்கு உள்ளேயிருந்து, வெகு தூரத்திலிருந்து, ஓர் ஆண் குரல்.

"சுலைகா... சுலைகா... சுலைகா... கம் இன்... ஓவர்."

நான் இன்டர்மீடியட்வரை படித்தவன். 'கம் இன்' என்றால் உள்ளே வா. 'ஓவர்' என்றால் எல்லாம் முடிந்தது.

"எந்தா மாப்பிளே சொல்லுது?" என்றார் பரீதிக்கா. "பெரியம்மா பேருதானே?"

"உள்ள வரச் சொல்லுது, இக்கா."

நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பரீதிக்கா கதவைத் திறந்து மழையில் இறங்கினார். சுற்றிப் போய்ப் பின்பக்கத்து இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். ஒருவர் ஏறி வசதியாக உட்கார எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு பூப்போலச் சாத்தினார்.

வந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். "மாப்பிளே," என்றார் முன்னால் பார்த்தபடியே, "வண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இல்லியா?"

வீடுவரை நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கிய பிறகுதான் பார்த்தேன். பின்சீட்டின் இடது பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு ஈரமாக இருந்தது. திறந்த கதவு வழியே மழை அடித்த ஈரம்தான். அப்படித்தான் அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜமீலாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கொச்சங்காடியில் வாங்கியதைச் சொல்ல வேண்டும். ஆவியைவிட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது என்றால், அந்த வயதில் என் புத்தி எங்கே மேய்ந்துகொண்டிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை மாமா சரிகைத் தொப்பியும் அத்தர் வாசனையுமாக வலது ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் முன்னால், பரீதிக்காவுக்குப் பக்கத்தில்.

"நியூஸ் வைங்க, மாப்பிளே."

"வேண்டாம் மாமா, மழையா இருக்கு, இடி இடிச்சா..."

"பின்ன எதுக்கு வாங்கினது?"

வைத்தேன். செய்தி ஒழுங்காக வந்தது. தோப்பும்படிப் பாலம் ஏறும்வரை வந்தது. பாலத்தின் நடுவில் ஒரு கட்டை வண்டி அச்சு முறிந்து நின்றதால் நாங்களும் நிற்க வேண்டியதாயிற்று. இரு பக்கமும் சாம்பல் நிறக் காயல். அக்கரை தெரியவில்லை. செய்தி வாசிப்பவரின் குரல் தண்ணீருக்குள் போவதுபோல் அமிழ்ந்தது. அந்த மூச்சுச் சத்தம் வந்தது. நான் குமிழைத் திருகினேன். அணையவில்லை.

"சுலைகா, சுலைகா, சுலைகா. கம் இன். ஓவர்."

பின்னால் மாமாவின் கையில் தஸ்பீஹ் ஜெபமணிகள் உருளும் சத்தம் நின்றது.

இந்த முறை பதிலும் வந்தது. கரகரவென்று, கடலுக்கு அடியிலிருந்து பேசுவதுபோல. "சுலைகா ஹியர். வெயிட்டிங் அவுட்சைட். ஓவர்."

மாமாவுக்கு வியாபாரக் கடிதங்கள் படிக்கிற அளவு ஆங்கிலம் தெரியும். நான் கண்ணாடியில் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்தது பயம் இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"வெளிய நிக்கிறாளாம்," என்றார் மெதுவாக, யாரிடமோ.

பரீதிக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேற்று போலவே இறங்கிப்போய் இடது கதவைத் திறந்தார். மழை உள்ளே அடித்தது. மாமா, அத்தனை வருடமாக வலது ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தவர், இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். வேட்டி நுனியால் சீட்டைத் துடைத்தும் விட்டார்.

அப்போது முதல் குரல் மறுபடி பேசியது. "சுலைகா, யூ ஆர் டூ ஹெவி. வெயிட் டில் ட்வெல்வ். ஓவர்."

மாமா சீட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"யாருடா அவன்!" என்று மாமா போட்ட சத்தத்தில் முன்னால் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது. "எம் பொண்டாட்டியக் கனம்னு சொல்றதுக்கு அவன் யாருடா? ஏய் பரீது, கதவச் சாத்து! இவன் எங்க இருந்து பேசுறான்னு எனக்குத் தெரியணும்!"

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

கட்டை வண்டியை ஓரம் தள்ளி வழி விட்டார்கள். பாலம் இறங்கியதும் துறைமுக அலுவலகம். மாமா வண்டியை அங்கே நிறுத்தச் சொன்னார். வியாபாரி என்பதால் துறைமுகத்தில் கம்பியில்லாப் பேச்சு நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். சரிகைத் தொப்பியில் மழை சொட்டச் சொட்ட, நாங்கள் இருவரும் பின்னால் ஓட, உள்ளே போய், மேசையில் இருந்த குமாஸ்தாவிடம், "எம் பொண்டாட்டியப் பத்தி மோசமாப் பேசின ஆளக் கூப்பிடு," என்றார்.

குமாஸ்தா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "யாரு? எவரு? அவங்க பேரு என்ன?"

"சுலைகா!"

பின்னால் இருந்த ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு அலுவலகம் முழுக்கச் சிரித்தது. குமாஸ்தா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையைப் பிசைந்தபடி சொன்னார்: "சேட்டா, சுலைகா ஒரு சரக்குக் கப்பல். பாரம் கூடுதல், இப்ப உள்ள வந்தா தரை தட்டும். கடல் ஏற்றம் வந்து தண்ணி உயரட்டும், பன்னெண்டு மணிக்கு வான்னு சொல்லியிருக்கு. உங்க ரேடியோவுல கப்பல் அலைவரிசையும் கிட்டுது போல. எங்க வாங்கினது?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். பூமி பிளக்கவில்லை. துறைமுகங்களில் சிமெண்ட் தரை போட்டுவிடுகிறார்கள்.

மாமா மட்டும் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வெளியே வந்து, தண்ணீரைப் பார்த்த ஒரு கல் திட்டில் உட்கார்ந்தார்.

"மாமா, பெரும்பாவூர்ல காத்திட்டிருப்பாங்க."

"இருக்கட்டும். இவளும் காத்துட்டுத்தானே நிக்கிறா."

நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் மழைக்குள்ளிருந்து அது வந்தது. பெரிய, பழைய, துருப்பிடித்த கப்பல். தண்ணீரில் நன்றாக அமிழ்ந்து, அவசரமே இல்லாமல் வந்தது. முகப்பில் உரிந்துபோன வெள்ளை எழுத்தில் அந்தப் பெயர். அது எங்களைக் கடந்து போகும்வரை மாமா எழுந்து நின்றார். உதடு அசைந்தது. ஓதினாரா, பேசினாரா, எனக்குக் கேட்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ரேடியோ எங்க வாங்கினது, மாப்பிளே? நெசமாச் சொல்லுங்க."

"கொச்சங்காடியில, மாமா. லோனன் சேட்டன் கிடங்குல."

அடி விழும் என்றே நினைத்தேன். அவர் நனைந்த தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். "எர்ணாகுளத்துல வாங்கியிருந்தா நியூஸ் மாத்திரம்தான் கேட்டிருக்கும்," என்றார். "வீட்டுக்குப் போகலாம்."

கிளம்பும் முன் நான் குமாஸ்தாவிடம் ஓடினேன். நேற்றும் அந்தக் கப்பலைக் கூப்பிட்டார்களா என்று கேட்டேன். அவர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். "இல்லியே. இன்னிக்கு வெளுப்பாங்காலம், விடியுற நேரத்துலதான் வந்து நின்னது. முதல் விளியே காலையிலதான்." பரீதிக்கா என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மாமாவிடம் அதைச் சொல்வதில்லை என்று பேசாமலே முடிவாயிற்று. குமாஸ்தா எழுத மறந்திருக்கலாம். வேறு துறைமுகத்தில் யாராவது கூப்பிட்டிருக்கலாம். எனக்கு இப்போதும் விளக்கங்கள் நிறையக் கைவசம் உண்டு.

பெரும்பாவூர்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று ஜமீலா என்னை ஒரு வாரம் படுத்திய பாட்டை எழுதத் தனிப் புத்தகம் வேண்டும். கடைசியில் மாமாவே ஒரு கடிதம் எழுதினார். பாலம், ரேடியோ, கப்பல், ஒன்று விடாமல். அந்தப் பெண்மணி அதைப் படித்துவிட்டு, கட்டினால் இந்த மனிதரைத்தான் என்று சொல்லிவிட்டாராம். நாலு மாதத்தில் நிக்காஹ் நடந்தது.

புது மாமி மட்டாஞ்சேரிக்குக் கிளம்பிய அன்று, பரீதிக்கா இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மாமி ஒரு காலை உள்ளே வைத்தவர், நிறுத்தி, சீட்டைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்:

"உள்ள யாரும் இல்லியே? நான் ஏறலாமா?"

மாமா சத்தமாகச் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் அதைக் கேட்காமல் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. பஸ்ஸோ, டாக்ஸியோ, படகோ, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உள்ள யாரும் இல்லியே?" என்பார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான் மட்டும், பதில் ஏதும் வருகிறதா என்று ஒரு விநாடி கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன்.