அக்கரைப்பட்டிப் படகு மசோதா

செங்குடை நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மசோதாவும் சட்டமாவதற்கு முன் சபையில் மூன்று முறை வாசிக்கப்பட வேண்டும். முற்காலத்தில் உண்மையாகவே வாசித்தார்கள். பிறகு வந்த ஓர் அரசருக்கு அந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுத்ததால், சுவடியைக் கட்டு அவிழ்க்காமல் தலைக்கு மேல் மூன்று முறை தூக்கிக் காட்டினாலே வாசித்ததாகக் கொள்ளலாம் என்று விதி திருத்தப்பட்டது. தூக்கி இறக்கியதும் சபாநாயகர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆம் என்போர்?" என்பார். ஒரு சாரார் மேசையைத் தட்டுவார்கள். "இல்லை என்போர்?" என்பார். மறுசாரார் தட்டுவார்கள். எந்தச் சத்தம் பெரிதோ அதுவே நாட்டின் விருப்பம். ஆளும் வரிசைக்குத் தேக்கு மேசையும் எதிர் வரிசைக்கு மெத்தை தைத்த மேசையும் போடப்பட்டிருந்தது தற்செயல் என்றே அந்நாட்டு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

சபை இருந்த தலைநகரம் நெடுவாய் ஆற்றின் வடகரையில். தென்கரையில் அக்கரைப்பட்டி. கோடையில் மணலில் நடந்து கடந்துவிடலாம். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் ஒரு படகுதான் கதி. அந்தப் படகும் மக்கிப்போனது. புதிதாக ஒன்று விடலாம் என்றால், நாட்டின் ஆறுகள் எல்லாம் அரசருடையவை. அவர் அனுமதியில்லாமல் அவற்றில் ஒரு மரக்கட்டையைக்கூட மிதக்கவிடக் கூடாது. போன வருஷ வெள்ளத்தில் அந்த ஊர்ச் சுடலியின் மருமகள் பிரசவ வலியோடு கரையிலேயே கிடந்து செத்துப்போனாள். இந்த வருஷம் சுடலியின் மகள் தங்கபுஷ்பம் சூலியாக இருந்தாள். ஆகவே சித்திரை வெயிலில் மணலைக் கடந்து சுடலி சட்ட மந்திரியைப் பார்க்கப் போனாள்.

"சாமி, ஐப்பசியில எம் மவளுக்கு மாசம். மருத்துவச்சி இந்தப் பக்கம் இருக்கா, நாங்க அந்தப் பக்கம் கெடக்கோம். ஒரு படகு விட உத்தரவு குடுத்தா போதும். படகை நாங்களே செஞ்சுக்கிடுதோம்."

சட்ட மந்திரி வாகைவேந்தர் உருகிப்போனார். "ஒரு படகுக்கு வெறும் உத்தரவா? உங்களை அப்படிச் சிறுமைப்படுத்த மாட்டோம், அம்மா. சட்டமே இயற்றுவோம். படகையும் அரசே கட்டும்."

சுடலி நம்பினாள். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். அவர் அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மசோதா முதலில் ஆய்வுக் குழுவுக்குப் போனது. படகு என்றால் என்ன என்பதை முடிவு செய்யாமல் மேலே போவது பொறுப்பற்ற செயல் என்று குழு கருதியது. படகில்லாதவர்களின் துன்பத்தை நேரில் அறிவதற்காக, படகே இல்லாத குளிர்ந்த மலைநாடு ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனது. ஆனி முழுக்க அறிந்துகொண்டே இருந்தது.

இதற்கிடையே ஓர் அவசரச் சட்டம் வந்தது. அரசே படகு விடப்போகிறபோது குடத்தைக் கட்டிக்கொண்டு மிதப்பதும், வாழைத்தண்டுத் தெப்பம் விடுவதும், நீந்துவதும் அரசின் மேல் அவநம்பிக்கை காட்டும் குற்றங்கள். காவலர்கள் வந்து வாழைத் தோட்டங்களை அழித்துவிட்டுப் போனார்கள்.

"அப்போ இருந்த வழியும் போச்சா?" என்றாள் சுடலி.

"எனக்குச் சொல்லத்தான் கூலி, ஆத்தா. விளங்கிக்கிடுததுக்கு இல்ல," என்றான் அதை ஊருக்கு அறிவிக்க வந்த தண்டோராக்காரன்.

ஆடியில் மசோதா கீழவைக்கு வந்தது. படகில் அரசர் அமர ஒரு சிம்மாசனமும் அதற்கு மேல் பட்டு விதானமும் வேண்டும் என்று திருத்தம் சேர்ந்தது. ஆவணியில் மேலவைக்கு ஏறியது. அங்கே மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். அவர் எழுந்தாலே நாட்டுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று பொருள்.

"மாண்புமிகு சபையோரே, இதுவரை கவிழ்ந்த படகுகள் அனைத்தையும் ஆராய்ந்தேன். எல்லாமே தண்ணீரில்தான் கவிழ்ந்திருக்கின்றன. தரையில் நிற்கும்போது மூழ்கிய படகு ஒன்றைக் காட்டுங்கள், நான் பதவி விலகுகிறேன்."

யாராலும் காட்ட முடியவில்லை. பயணிகளின் பாதுகாப்பை முன்னிட்டுப் படகு எக்காரணம் கொண்டும் நீரில் இறங்கக் கூடாது என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எதிர் வரிசை கை சிவக்கச் சிவக்க மெத்தையைத் தட்டியது. சபாநாயகர் காதில் ஒன்றும் விழவில்லை. அன்று பிற்பகல் உறுப்பினர்களின் பல்லக்குப் படியை உயர்த்தும் மசோதா வந்தது. அதைத் தூக்கிய கை இறங்குவதற்குள் அது சட்டமாகிவிட்டது.

ஐப்பசி பிறந்தது. அக்கரைப்பட்டிக் கரையில் மண்டபம் எழுப்பி, அதற்குள் படகை நிறுத்தி, திறப்பு விழா வைத்தார்கள். ஆற்றில் அன்று கணுக்கால் தண்ணீர். அரசர், அரசி, இரு அவைகளின் உறுப்பினர்கள், அதிகாரிகள் எல்லோரும் நடந்தே கடந்தார்கள். அரசிக்கு அடிக்கடி ஏப்பம் வருமென்பதால் அரண்மனை மருத்துவச்சியும் கூடவே வந்தாள். கூட்டத்தொடர் நடக்கும்போது இருக்கையை விட்டு எழக் கூடாது என்பதால் சபாநாயகர் மட்டும் சபையிலேயே இருந்தார்.

"இந்தப் படகு ஒருநாளும் கவிழாது!" என்று தொடங்கிய சட்ட மந்திரி நிறுத்தவேயில்லை. மேற்கே மலையில் மழை. அவர் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நெடுவாய் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வாகைவேந்தர் மெல்ல சுடலியிடம் வந்தார். "அம்மா, தெப்பம் ஏதாவது..."

"அவசரச் சட்டம் இருக்குல்லா சாமி. வாழையவும் உங்க ஆளுவ வெட்டிப் போட்டுட்டுப் போயிட்டாவ."

"சரி, படகை இறக்கினால்?"

"தண்ணியில எறங்கக் கூடாதுன்னு நீங்கதான சட்டம் போட்டிய? நாங்க சட்டத்துக்குப் பயந்த சனம், சாமி."

சட்டத்தைத் திருத்துவது என்று முடிவாயிற்று. அரசர் முதல் எதிர் வரிசை வரை கரையில் வரிசையாக நின்று, எதிரே தெரிந்த சபையை நோக்கி, படகை நீரில் இறக்குவதற்கு "ஆம்! ஆம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். ஆற்று இரைச்சலுக்கு மேல் சபாநாயகருக்குச் சத்தம் கேட்டது. எதற்கு என்று கேட்கவில்லை. அவர் கடமை தவறாதவர். கைக்கு முதலில் அகப்பட்ட சுவடியை மூன்று முறை தூக்கி இறக்கிவிட்டு, ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தார். காற்று திரும்பிய நேரம் பார்த்து வடகரையிலிருந்து தண்டோரா கேட்டது: அவசரச் சட்டம் மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

அந்த நேரத்தில்தான் தங்கபுஷ்பத்துக்கு வலி எடுத்தது. சுடலி மருத்துவச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அரசி பின்னால் நின்று ஏப்பம் விட்டாள். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது, தாயும் நலம். சுடலி செத்துப்போன மருமகளை நினைத்து வாய்விட்டு அழுதாள். எனக்கும் அவளை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

வெள்ளம் வடியக் கார்த்திகையாயிற்று. அதுவரை அரசர் ஒழுகும் குடிசையில் கேப்பைக் கூழ் குடித்தார். உறுப்பினர்கள் கொசுவோடு படுத்து, கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். அந்த ஊரின் துன்பத்தை அவர்கள் முழுதாக உணர்ந்துவிட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. அதனால்தான் ஊர் திரும்பிய அன்றே ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். எதிர் வரிசையும் மெத்தையைக் கிழித்தெறிந்துவிட்டு, ஆம் என்று வெறும் பலகையைத் தட்டியது.

தண்டோராக்காரன் இந்த முறை மணலோடு நின்றுகொண்டான். "அரசரோ, உறுப்பினரோ, அதிகாரியோ, காவலரோ இனி எக்காலத்திலும் அக்கரைப்பட்டியில் கால் வைக்கக் கூடாது!"

"காவலரும் வரக் கூடாதா?" என்றாள் சுடலி, பேத்தியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டே.

"கூடாது, ஆத்தா. நானே வரக் கூடாது."

"என்ன நடந்தாலுமா?"

"என்ன நடந்தாலும்."

அவன் முதுகு மறைந்ததும் ஊரே மண்டபத்துக்குப் போனது. அடுத்த மழையில் ஆறு பெருகியபோது படகு தண்ணீரில் இருந்தது. சிம்மாசனத்தில் இப்போது பிள்ளைத்தாய்ச்சிகள் உட்கார்ந்து வருகிறார்கள். பட்டு விதானம் மழைக்கு நன்றாகவே உதவுகிறது.

வடகரைக் காவலர்கள் முதல் நாளே பிடிக்கத்தான் வந்தார்கள். ஆனால் அக்கரைப்பட்டிப் படகில் கால் வைத்தால் அக்கரைப்பட்டியில் கால் வைத்ததாகுமா என்று அவர்களுக்கு ஐயம் வந்துவிட்டது. மேலிடத்துக்கு எழுதினார்கள். அதை ஆராயச் சபை ஒரு குழு அமைத்தது. குழு குடும்பத்தோடு மலைநாட்டுக்குப் போயிருக்கிறது. அது திரும்பி வந்து அறிக்கை தரும்வரை படகு ஓடும். அவர்கள் மெதுவாகவே வரட்டும்.